வேர் தோண்டக் கருவி வாங்கும் முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கொல்லையில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தரையோடு தரையாக அறுத்த வேப்பமரத்தின் அடிக்கட்டை இன்னும் துளிர்த்துக்கொண்டே இருக்கிறது. மதில் சுவரை ஒட்டி ஒரு பழைய காகிதப்பூச் செடி வேரோடிக் கிடக்கிறது. காய்கறிப் பாத்தி போட நினைத்த இடம் முழுவதும் கோரையும் அருகும். பின்வேலியோரம் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்ட சீமைக்கருவேலங்கன்றுகள் இரண்டு. மண் செம்மண், ஓரடிக்குக் கீழே சரளை. இயந்திரம் உள்ளே வர வழியில்லை. இரும்புக் கடைக்காரர் கடையில் இருப்பதிலேயே கனமான பிக்காசை எடுத்துக் காட்டுகிறார். இணையக் கடையிலோ இருபுறமும் ரம்பப் பல் வைத்த மண்வாரி ஒன்று உங்களை ஈர்த்திருக்கிறது. இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். வேர் தோண்டுதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேலைகள்: மண்ணைத் திறப்பது, வேரை அறுப்பது, கட்டையைக் கிளப்புவது. மண்ணைத் திறக்கும் கருவிக்கு அகலமான வாய் வேண்டும். அறுக்கும் கருவிக்குக் கூரான, கெட்டியான வாய் வேண்டும். கிளப்பும் கருவிக்கு வாயைவிட நீளமும் வளையாத உடம்பும் வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த கருவியை யாரும் செய்துவிடவில்லை. வீட்டுத் தோட்டங்களில் கருவிகள் உடைவதற்கு நான் கண்டவரையில் தரக்குறைவைவிடப் பெரிய காரணம், ஒரு வேலைக்கான கருவியை மற்றொரு வேலைக்கு இழுப்பதுதான்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புங்க மரக் கட்டையை எடுக்கப் போனபோது என்னிடம் இருந்தது மண்வெட்டி ஒன்றுதான். சுற்றிலும் மண்ணை அள்ளி, கட்டை கொஞ்சம் ஆடுகிறது என்று தெரிந்ததும், மண்வெட்டியின் வாயை வேருக்கு அடியில் கொடுத்துக் காம்பை அழுத்தினேன். காம்பு, அது நுழையும் துளையான கண்ணை ஒட்டிப் படீரென்று முறிந்தது. மறுநாள் புதுக் காம்பு போட்டு அதே தவறைச் செய்தேன்; இந்த முறை காம்பு தாங்கியது, கண்ணும் தகடும் சேரும் பற்றவைப்பு விட்டுப்போயிற்று. அன்று மாலை ஒரு கடப்பாரை வாங்கி வந்து, அதே வேரை ஐந்து நிமிடத்தில் கிளப்பினேன்.

ஆகவே கடப்பாரையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் நான்கு வேலைகளில் மூன்றுக்கு இதுதான் முதன்மைக் கருவி, ஆனாலும் கடையில் யாரும் இதைத் தேர்ந்து வாங்குவதில்லை. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒன்றரை மீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்தடி நீளக் கடப்பாரையை, முனையிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மரக்கட்டை மேல் தாங்கக் கொடுத்து அழுத்தினால், தாங்குமிடத்துக்கு இந்தப் பக்கம் 135 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் 15. ஒன்பது மடங்கு. நாற்பது கிலோ அழுத்தம் கொடுத்தால் வேரின் அடியில் 360 கிலோ ஏறும். நான்கடிக் கடப்பாரை வாங்கினால் இது ஏழு மடங்காகக் குறைந்துவிடும். நீளம் குறைவாக இருப்பது தூக்கி வைக்க வசதி என்று நினைத்து அதை வாங்கிவிடாதீர்கள்.

தடிமனைப் பொறுத்தவரை, கட்டடக் கம்பிக்கு எடை போடும் அதே கணக்கு இங்கும் பொருந்தும்: உருண்டைக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது வந்துவிடும். 25 மில்லிமீட்டர்க் கடப்பாரை ஐந்தடிக்கு ஏறத்தாழ 5.8 கிலோ, 32 மில்லிமீட்டர் ஏறத்தாழ 9.5 கிலோ. எடை ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடும்போது, வளையாமல் தாங்கும் வலு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. இதைப் பார்த்துத் தடித்ததையே வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் கடப்பாரை கிளப்புவதற்கு மட்டுமல்ல. தூக்கித் தூக்கிக் குத்துவதற்கும்தான். ஒன்பதரைக் கிலோவை நூறு முறை தூக்கிய பின் குறி தவறும், குறி தவறினால் அது காலில் விழும். வழக்கமாக உடலுழைப்பு இல்லாத ஒருவருக்கு 28 மில்லிமீட்டர், ஏழு கிலோவை ஒட்டியது, சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு.

முனைதான் அடுத்து. ஒரு பக்கம் கூர்முனை, மறுபக்கம் உளி போலத் தட்டை வாய் உள்ளதை வாங்குங்கள். இரு பக்கமும் கூர்முனை உள்ளது கல் பெயர்ப்பவருக்கு. நமக்குத் தட்டை வாய்தான் பிழைப்பு. ஓரடி அகலக் குழிக்குள், வீச இடமில்லாத மூலையில் இருக்கும் மணிக்கட்டுத் தடிமன் வேரைக் கோடாலியாலும் வெட்ட முடியாது, ரம்பத்தாலும் அறுக்க முடியாது. தட்டை வாயை வேரின் குறுக்காக வைத்து, செங்குத்தாகத் தூக்கி விட்டால், அதன் எடையே வெட்டும். கடையில் வரும்போது இந்த வாய் பெரும்பாலும் மழுங்கியே இருக்கும். அரம் போட்டு ஓரளவு கூர் ஏற்றலாம். அதைவிட நல்லது, ஊரில் கொல்லுப்பட்டறை இன்னும் இயங்குமானால் அங்கே கொடுத்துக் காய்ச்சி அடித்து வாங்குவது. காய்ச்சிய முனையைத் தண்ணீரில் எவ்வளவு நேரம், எந்த நிறத்தில் தோய்க்க வேண்டும் என்பது அவர் கண்ணில் இருக்கும் கணக்கு. மிகையாகத் தோய்த்தால் கல்லில் பட்டதும் முனை சிதறும். போதாமல் விட்டால் மடங்கும். வீட்டில் கிரைண்டர் வைத்துச் சாணை பிடிப்பவர்கள், விளிம்பு நீலம் பாயும் வரை அழுத்திப் பிடித்துவிடுகிறார்கள். நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போய்விட்டது, ஏற்றிவைத்த கெட்டித்தன்மையில் ஒரு பங்கு இறங்கிவிட்டது என்று பொருள். ஆகவே சிறிது பிடித்து, தண்ணீரில் நனைத்து, மறுபடியும் சிறிது பிடிக்க வேண்டும்.

தாங்குகட்டையாகச் செங்கல் வைக்காதீர்கள். இரண்டாவது அழுத்தலில் தூளாகிவிடும். ஓரடி நீள மரத்துண்டு ஒன்றைக் கடப்பாரையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பிக்காசு. தென்மாவட்டங்களில் இதைக் கூந்தாலி என்பார்கள். கடைக்காரர் காட்டிய கனமான பிக்காசைப் பற்றி: வீசும் கருவியின் அடி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, எடைக்கோ நேராக மட்டுமே கூடுகிறது. மூன்றரைக் கிலோத் தலையை மெதுவாகத் தூக்கிப் போடுவதைவிட, இரண்டு கிலோத் தலையை விரைவாக வீசுவது ஆழமாக இறங்கும். அதைவிட முக்கியமாக, அரை மணி நேரம் கழித்தும் குறி தவறாமல் இறங்கும். இரண்டு முதல் இரண்டரைக் கிலோவுக்குள் ஒரு பிக்காசு போதும். ஒருபக்கம் கூர்மூக்கு, மறுபக்கம் இரண்டு இரண்டரை அங்குல அகலத் தட்டை வாய். கூர்மூக்கு உங்கள் சரளையைக் குலைக்க. தட்டை வாய் விரல் தடிமன் வேர்களை மண்ணோடு சேர்த்து வெட்ட. தட்டை வாய்க்குப் பதிலாகக் கோடாலி வாய் வைத்த பிக்காசு கிடைத்தால், வேர் வேலைக்கு அது ஒரு படி மேல். எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

பிக்காசுக்கும் மண்வெட்டிக்கும் காம்பு மாட்டும் முறை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். பிக்காசின் கண் முட்டை வடிவில் இருக்கும். காம்பின் மேல்முனை பருத்திருக்கும். தலையைக் காம்பின் அடிமுனை வழியாக மாட்டி மேலே ஏற்றுவார்கள். வீச வீசத் தலை பருத்த முனைக்குள் இறுகிக்கொண்டே போகும், ஆப்பு தேவையில்லை. மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் அப்படியில்லை, ஆப்புதான் பிடிப்பு. அதனால் தளர்ந்த ஆப்போடு கோடாலியைத் தூக்குவது, பக்கத்தில் நிற்பவரின் தலையை நோக்கி இரும்பை எறிவதற்குச் சமம். வேலை தொடங்கும் முன் காம்பைத் தண்ணீரில் ஊறப் போட்டு இறுக்குவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அன்றைக்கு அது பிடிக்கும். ஆனால் ஊதிய மரம் இரும்புக் கண்ணுக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். மாதம் ஒருமுறை ஊறவைக்கும் மண்வெட்டிக்கு ஆண்டுக்கு ஒரு காம்பு போகும். புது ஆப்பு அடிப்பதே வழி.

காம்புக்குக் கருவேலங்கொம்பு கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். விடத்தலையும் நல்லதே. கடையில் தயாராகக் கிடைக்கும் காம்பு என்றால், அதைக் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பாருங்கள்: மர ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவில் ரேகை பக்கவாட்டில் வெளியேறினால், அது பலகையிலிருந்து குறுக்காக அறுத்தது. அந்த இடத்தில்தான் முறியும். வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக வைத்திருப்பதில் ரேகை தெரியாது, அதனால் வார்னிஷ் அடித்ததை நான் நம்புவதில்லை. இரும்புக் குழாய்க் காம்பு கரையான் ஏறாது என்பது உண்மை, ஆனால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் நேராக முழங்கைக்கு வந்து சேரும். சரளை மண்ணில் ஒரு நாள் வேலை செய்தால் அடுத்த நாள் தேநீர்க் குவளையைத் தூக்கும்போது அது தெரியும்.

மண்வெட்டி உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன். இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதானால், தகட்டை ஒற்றை விரலில் தொங்கவிட்டுச் சாவியால் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று நீண்டு ஒலிக்கும், விரிசலோ மோசமான பற்றவைப்போ இருந்தால் ஒலி செத்துவிடும். கடைக்காரர் அனுமதித்தால் வாயோரத்தில் அரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்: வெண்ணெயில் கத்தி போல இறங்கினால் அது வெறும் தகடு, வழுக்கிக்கொண்டு லேசாக மட்டும் கடித்தால் தோய்த்த எஃகு. டாட்டா அக்ரிகோ போன்ற பழைய பெயர்களில் இந்தச் சோதனை பெரும்பாலும் தேறிவிடும், பெயரில்லாத தகட்டில்தான் குலுக்கல். கனமான மண்ணுக்குத் தகடும் காம்பும் நெருங்கி நிற்கும் மண்வெட்டியும், அள்ளிப் போடுவதற்குச் சற்று விரிந்து நிற்பதும் வேண்டும். ஆப்பை உள்பக்கமோ வெளிப்பக்கமோ மாற்றி அடித்தாலே இந்தச் சாய்வைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் எந்தக் கருவியை எங்கே போட வேண்டும் என்பதைச் செடிதான் தீர்மானிக்கிறது. மீண்டும் துளிர்க்கும் மொட்டுகள் செடியின் எந்தப் பகுதியில் உறங்குகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் தோண்டுவது வீண் உழைப்பு. இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, காடுகளில் பரவிக்கிடக்கும் களைப்புதரான உண்ணிச்செடியின் (லந்தானா) ஒழிப்பு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் கையாண்ட முறையில், புதர் முழுவதையும் தோண்டி எடுப்பதில்லை. மண்மட்டத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே, துளிர்ப்பகுதிக்கு அடியில், ஆணிவேரை ஒரு கொத்தும் கருவியால் வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். வேர் மண்ணிலேயே கிடந்து மட்கிப்போகும். வெட்டும் இடம் இரண்டு விரற்கடை மேலே போனால் அத்தனை உழைப்பும் வீண்.

சீமைக்கருவேலத்துக்கும் இதே நியாயம்தான், ஆழம் மட்டும் வேறு. இதன் ஆணிவேரை முழுதாக எடுப்பேன் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றைத் தோண்டும்போது, இதே பேரினத்து மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். நமக்கு அந்த ஆழம் தேவையில்லை. துளிர்மொட்டுகள் அடிமரத்தின் கழுத்திலும் அதற்குச் சற்றுக் கீழும்தான் இருக்கின்றன. ஆளுயரக் கன்றுக்குச் சுற்றிலும் ஓரடி ஆழம் பறித்து, ஆணிவேரை அங்கே கடப்பாரையின் தட்டை வாயால் துண்டித்துவிட்டால் போதும். தரையோடு அரிவாளால் வெட்டிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். ஒரு தண்டுக்கு ஐந்து தண்டாக அடுத்த ஆண்டு நிற்பதும் அதனால்தான். வேலை செய்யும்போது தடித்த அடியுள்ள காலணி கட்டாயம். அந்த முள் ரப்பர் செருப்பை ஊடுருவும் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கோரைக்கும் அருகுக்கும் கனமான கருவியே ஆகாது. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் மெல்லிய தண்டுகளால் சங்கிலியாகக் கோத்தவை. பெரும்பாலானவை மேல் அரையடியிலேயே கிடக்கும். மண்வெட்டியால் கொத்தினால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகக் கிளம்பும், அருகின் ஒவ்வொரு கணுவும் அவ்வாறே. இங்கே நீங்கள் வாங்க வேண்டியது நான்கு முள் உள்ள முள்மண்வெட்டி. அது வெட்டாது, மண்ணைப் பிளந்து தூக்கும். மண் உதிர்ந்ததும் சங்கிலி முழுதாகக் கையில் வரும். முட்கள் தகட்டில் வெட்டியவையாக இல்லாமல் அடித்து நீட்டியவையாக இருக்கட்டும். தகட்டு முள் முதல் சரளைக்கல்லிலேயே விரிந்துகொள்ளும். ஒரே முறையில் கோரை ஒழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, புதுத் துளிர் தன் கிழங்கை மறுபடி நிரப்பும் முன்பே கிளறி எடுக்க வேண்டும்.

வேப்பங்கட்டைதான் உங்கள் பெரிய வேலை. தரையோடு அறுத்ததில் ஒரு தவறு நடந்துவிட்டது: நான்கடி மரத்தை நிற்கவிட்டு அறுத்திருந்தால், அந்த நான்கடியே நெம்புகோலாக இருந்திருக்கும். பக்கவேர்களை வெட்டிய பின் மேலே ஒரு கயிற்றைக் கட்டி இருவர் இழுத்தாலே கட்டை சாய்ந்திருக்கும். இனி எந்த மரத்தை எடுப்பதானாலும் இதை நினைவில் வையுங்கள். இப்போது அந்த வசதி இல்லாததால், வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். முதல் நாள் மாலை கட்டையைச் சுற்றி வரப்புக் கட்டிக் குடம் குடமாகத் தண்ணீர் விடுங்கள். செம்மண்ணானதால் மறுநாள் காலையே பதமாக இருக்கும். கரிசலாக இருந்திருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, மண் விரலில் ஒட்டாத பதம் பார்த்துத்தான் இறங்கச் சொல்லியிருப்பேன்.

கட்டையின் விளிம்பிலேயே கொத்தத் தொடங்குவது இயல்பாகத் தோன்றும், ஆனால் அங்கேதான் வேர்கள் தொடைத் தடிமனில் இருக்கும். இரண்டடி தள்ளிப் போனால் அதே வேர் மணிக்கட்டுத் தடிமனுக்குக் குறைந்துவிடுகிறது. அதனால் கட்டையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி தள்ளி வட்டமாக ஒரு கால்வாய் பறியுங்கள். மேல்மண்ணை மண்வெட்டியாலும் சரளையைப் பிக்காசின் கூர்மூக்காலும். மரங்களின் பக்கவேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டடிக்குள்ளேயே ஓடுவதால், அதற்குக் கீழே போக வேண்டியிருக்காது.

ஒரு வேர் தட்டுப்பட்டதும் உடனே வெட்டப் போகாதீர்கள். பத்து நிமிடம் பொறுமையாக அதை வெளிக்கொண்டு வாருங்கள்: மேலும் பக்கமும் அடியும் ஒரு சாண் நீளத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, தேங்காய் நார்க் கொத்தால் தேய்த்துக் கழுவுங்கள். பட்டையில் ஒட்டியிருக்கும் சரளைப் பொடிதான் எந்த வாயையும் கெடுக்கும் எதிரி. கழுவிய வேரில் ரம்பப் பல் ஒரு வேலை முழுதும் தாங்கும். கழுவாத வேரில் பத்து இழுப்பில் மழுங்கும். வீட்டிலுள்ள நல்ல கோடாலியையும் நல்ல ரம்பத்தையும் மண்ணுக்குள் இறக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு கோடாலியை இதற்கென்றே ஒதுக்குங்கள். ரம்பமென்றால், இழுக்கும்போது அறுக்கும் வளைந்த கிளை ரம்பம் குழிக்குள் வசதியானது. தள்ளும்போது அறுக்கும் தச்சு ரம்பம் ஈர வேரில் சிக்கி வளைந்துவிடும். வேரை இரண்டு இடங்களில், ஒரு சாண் இடைவெளி விட்டு வெட்டி, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் வெட்டினால் இரு முனைகளும் நெருங்கி நின்று கட்டையை ஆடவிடாது. கால்வாய்க்கு வெளியே மண்ணில் தங்கும் வேப்ப வேர்களிலிருந்து சில துளிர்கள் வரலாம். அவை சிறியவையாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் ஓராண்டில் ஓய்ந்துவிடும்.

எல்லாப் பக்கவேர்களும் அறுந்த பின்னும் கட்டை அசையவில்லை என்றால் ஆணிவேர் பிடித்திருக்கிறது. அப்போதுதான் கடப்பாரை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நெம்பாமல், நாலு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் எழும்போது அடியில் ஒரு கல்லையோ மரத்துண்டையோ தள்ளி நிறுத்துங்கள். அடியில் ஒரு கையளவு இடைவெளி திறந்ததும், தட்டை வாயைச் சாய்வாக உள்ளே விட்டு ஆணிவேரைக் குத்தி அறுக்கலாம். கை மட்டும் உள்ளே போகக் கூடாது, ஆட்டிய கட்டை திரும்ப உட்காரும். தென்னையாக இருந்தால் இந்தக் கடைசிக் கட்டமே இல்லை: தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான நார்வேர்கள்தான், அறுத்த கட்டை மீண்டும் துளிர்க்கவும் துளிர்க்காது, அவசரமில்லையென்றால் மட்க விட்டுவிடலாம்.

தோண்டுவதற்கு முன்பு, மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சார எர்த்துக் குழி, தரைக்கடியில் செல்லும் மின்கம்பி ஆகியவை எந்த வழியாகப் போகின்றன என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள். பழுப்பேறிய பிவிசி குழாய் ஈர மண்ணில் வேரைப் போலவே தெரியும். நான் ஒருமுறை அதையும் கழுவாமலே வெட்டியிருக்கிறேன்.

மதில் ஓரத்துக் காகிதப்பூவில் பிக்காசை வீசவே வேண்டாம். வீச்சின் பின்னோட்டத்தில் சுவர் இருக்கும், முன்னோட்டத்தில் அஸ்திவாரம் இருக்கும். முதலில் முள்கிளைகளைக் கழித்து, ஓரடித் தண்டை மட்டும் நிறுத்துங்கள். சுவருக்கு எதிர்ப்பக்கமாக அரைவட்டக் குழி பறித்து, அந்தப் பக்கத்து வேர்களை எல்லாம் கடப்பாரையின் தட்டை வாயால் நேர்க்குத்தாக அறுத்துவிட்டு, செடியைச் சுவரிலிருந்து விலகும் திசையில் சாய்த்து எடுக்க வேண்டும். நெம்பும்போது சுவரைத் தாங்குகட்டையாக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன அந்த 360 கிலோவும், அதோடு உங்கள் அழுத்தமும், அப்போது ஒற்றைச் செங்கல் சுவரின் மேல் ஏறும். அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்துவிட்ட வேரை இழுத்து எடுக்க முயலாமல், சுவரின் விளிம்போடு அறுத்து அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த முனையிலிருந்து துளிர் வந்தால் வெளிச்சத்தைத் தேடி உங்கள் பக்கம்தான் வரும், கிள்ளிவிடலாம். வேர் போன வெற்றிடத்தில் சரளையை இட்டு, அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுக் கடப்பாரையின் பின்முனையால் குத்தி இறுக்குங்கள், இல்லையென்றால் அடுத்த மழையில் சுவரின் அடிமண் அந்தக் குழிக்குள் இறங்கும்.

ரம்பப் பல் மண்வாரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கெட்ட கருவியல்ல. ஆற்று மணலிலோ, ஆண்டுதோறும் எரு போட்டுப் பண்பட்ட பாத்தியிலோ, விரல் தடிமனுக்கு உட்பட்ட வேர்களைக் காலால் மிதித்து அறுக்க அது அருமையாக உழைக்கும். உங்கள் மண்ணில் ஓரடிக்குக் கீழே சரளை என்றீர்களே, அங்கே முதல் மிதியிலேயே பற்கள் கல்லில் உட்காரும். பாத்தி பண்பட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்துப் பக்கத்து வீட்டு மரத்தின் சல்லிவேர்கள் உங்கள் கத்தரிக்கு அடியில் வரத் தொடங்கும்போது, அதை வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்குக் கடப்பாரை, இரண்டு கிலோப் பிக்காசு, முள்மண்வெட்டி, ஒரு பழைய கோடாலி, பத்து அங்குலத் தட்டை அரம்; இந்தப் பட்டியலில் ஒன்றைக் கைவிட வேண்டுமென்றால் கோடாலியைக் கைவிடுங்கள், அரத்தை அல்ல.